கறுத்தால் நலம், வெளுத்தால் ஐயம்: நிணநீர் முடிச்சில் ஒளிந்த புற்றைக் காட்டும் இரும்புத் துகள்கள்

கேள்வி: “நானோ துகள்களை ஊசி வழியாக ஏற்றி ஸ்கேன் எடுத்தால், கட்டி தெரிவதற்கு முன்பே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். இது எப்படி வேலை செய்கிறது? நடைமுறையில் இருக்கிறதா? ஆபத்து உண்டா?”

முதலில் நேரடியான பதில். உடம்பின் ஏதோ ஒரு மூலையில் முளைவிடும் முதல் புற்றணுக்களை ஓர் ஊசியும் ஒரு ஸ்கேனும் காட்டிக்கொடுக்கும் நிலை இன்று இல்லை. ஆனால் புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு, நோய் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கு (நிணநீரை வடிகட்டும் சிறு கணுக்கள்) பரவிவிட்டதா என்பதை, அந்த முடிச்சுகள் வீங்குவதற்கு முன்பே காட்டும் நானோ துகள் உண்டு. மனிதர்களிடம் சோதித்துப் பலன் கண்ட துகள் அது. உள்ளே இரும்பு ஆக்சைடு, மேலே சர்க்கரைச் சங்கிலிப் பூச்சு, அவ்வளவுதான். “ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது” என்ற பேச்சுக்கு இந்தத் துறையில் உறுதியான ஆதாரம் கிடைத்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே பதிலின் பெரும்பகுதி இதைப் பற்றியே இருக்கும்.

சாதாரண ஸ்கேன் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். புரோஸ்டேட் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அது பரவினால் பெரும்பாலும் முதலில் இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் போகும். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் மருத்துவர் அளப்பது முடிச்சின் குறுக்களவை. உருண்டையாக இருந்தால் 8 மி.மீ., நீள்வட்டமாக இருந்தால் 10 மி.மீ. தாண்டினால் சந்தேகம் என்பது பழகிவந்த அளவுகோல். இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. 6 மி.மீ. முடிச்சுக்குள் 3 மி.மீ. அளவுக்குப் புற்று உட்கார்ந்திருந்தாலும் அளவுகோலின்படி அது நல்ல முடிச்சு. மறுபுறம், காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதைப் போல வெறும் அழற்சியால் வீங்கிய முடிச்சும் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும். அளவை மட்டும் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது.

இந்த ஓட்டையை அடைக்க வந்த மருந்தின் பெயர் ஃபெரூமாக்ஸ்ட்ரான்-10. அமெரிக்காவில் காம்பிடெக்ஸ், ஐரோப்பாவில் சினரெம் என்ற பெயர்களில் இது ஆய்வுக்கு வந்தது. நடுவில் 4 முதல் 6 நானோமீட்டர் அளவில் இரும்பு ஆக்சைடு; அதைச் சுற்றி டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பூச்சு; எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 முதல் 40 நானோமீட்டர். ஒரு சிவப்பணுவின் குறுக்களவில் இருநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சிறிய இரும்பு ஆக்சைடு மணிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வலிய காந்தப்புலத்துக்குள் இருக்கும்போது பலமாகக் காந்தமாகும்; வெளியே வந்ததும் காந்தத்தன்மை முழுதும் போய்விடும். அதனால்தான் இரத்தத்தில் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டுவிடாமல் மிதக்கின்றன. சற்றுப் பெரிய இரும்புப் பொடியை இப்படி ஏற்ற முடியாது. அது திரண்டு குழாயை அடைத்துவிடும்.

ஏற்றிய துகள்கள் இரத்தத்தில் ஒரு நாளுக்கும் மேலாகச் சுற்றுகின்றன. நுண் இரத்தக்குழாய்களின் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து திசு இடைவெளிக்குள் இறங்கி, நிணநீரோடு சேர்ந்து முடிச்சுகளுக்கு வந்து சேர்கின்றன. ஆரோக்கியமான முடிச்சுக்குள் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் நிறைய இருக்கும். அந்நியப் பொருள் எது வந்தாலும் விழுங்குவது அவற்றின் வேலை. இரும்புத் துகள்களையும் விழுங்கித் தங்களுக்குள் குவித்துக்கொள்கின்றன.

எம்.ஆர்.ஐ. படத்தில் இது என்ன செய்கிறது? திசுவில் உள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்கள் ஒரே தாளத்தில் சுழலும்போதுதான் நமக்குச் சைகை கிடைக்கிறது. கும்மியடிக்கும் வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒன்றாகக் கைதட்டினால் ஓசை ஊருக்கே கேட்கும். ஆளுக்கொரு தாளம் போட்டால் ஓசை சிதறி அடங்கிவிடும். இரும்புத் துகள் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சிறிது திரித்துவிடுவதால், பக்கத்து நீர்க் கருக்களின் தாளம் குலைகிறது. இரும்பு குவிந்த இடம் படத்தில் கறுத்துவிடுகிறது. புற்றணுக்கள் பிடித்துக்கொண்ட பகுதியில் விழுங்கு செல்கள் இடம்பெயர்ந்துவிட்டன. அங்கே இரும்பு ஏறாது. அது வெளுப்பாகவே நிற்கும். கறுத்த முடிச்சு நல்லது, வெளுத்த முடிச்சு சந்தேகத்துக்குரியது.

இந்தத் துகள் புற்றைத் தேடிப் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல திசுவைத் தேடிப் போய் அதைக் கறுப்பாக்குகிறது. மீதி தானாகத் தெரிகிறது. உடம்பின் இயல்பை எதிர்த்துப் போராடாமல் அதைப் பயன்படுத்திக்கொண்டதால்தான் இது ஜெயித்தது. புற்றைக் குறிவைத்த துகள்கள் ஏன் திணறுகின்றன என்று பின்னால் சொல்லும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

ஆதாரம் என்ன? பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஹரிசிங்கானி, வைஸ்லெடர், நெதர்லாந்தின் நைமேகன் நகரைச் சேர்ந்த பரென்ட்ஸ் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடித்தளம். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 80 பேர். திசுச் சோதனையோடு ஒப்பிட்ட 334 முடிச்சுகள். அவற்றில் 33 பேரிடமிருந்து வந்த 63 முடிச்சுகளில் புற்று இருந்தது. அந்த 63-இல் 45 முடிச்சுகள் வழக்கமான அளவுகோலின்படி நல்லவை என்று தள்ளப்பட்டிருக்கும். முடிச்சு முடிச்சாகப் பார்த்தால் சாதாரண எம்.ஆர்.ஐ. 35.4 சதவீதத்தைத்தான் பிடித்தது. இரும்புத் துகளோடு எடுத்தது 90.5 சதவீதத்தைப் பிடித்தது. பிறகு 2008-இல் நெதர்லாந்தின் பல மருத்துவமனைகளில் 375 பேரிடம் நடந்த ஆய்வில் சி.டி. 34 சதவீத நோயாளிகளையும் இந்த முறை 82 சதவீதத்தினரையும் கண்டுபிடித்தது. இரண்டாவது ஆய்வின் எண் முதலாவதைவிடக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்ந்த ஓரிரு மையங்களிலிருந்து பல மருத்துவமனைகளுக்குப் போகும்போது எந்த முறைக்கும் இப்படி இறக்கம் வரும். ஆனாலும் படம் சுத்தமாக இருந்தவர்களில் முடிச்சில் புற்று இருக்கும் வாய்ப்பு 4 சதவீதம்தான் என்று வந்தது. ஒரு நோயாளிக்கு இடுப்பு முடிச்சுகளைப் பெயர்த்தெடுக்கும் அறுவை தேவையா என்று முடிவெடுக்க இந்த எண் பெரிய துணை.

செய்முறையை வரிசையாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் செய்முறையில்தான்.

மருந்து உறைநிலையில் உலர்த்திய பொடியாக வரும். சலைனில் கரைத்தால் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 20 மி.கி. இரும்பு. எடை ஒரு கிலோவுக்கு 2.6 மி.கி. இரும்பு என்பது அளவு. 70 கிலோ உள்ளவருக்கு 182 மி.கி.; அதாவது 9 மி.லி.க்குச் சற்று மேல். அதை 100 மி.லி. சலைனில் கலந்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக, 30 நிமிடத்தில் டிரிப்ஸாக ஏற்ற வேண்டும். 182 மி.கி. இரும்பு என்றால் பயப்பட வேண்டாம். ஒரு பாட்டில் இரத்தத்தில் 200 முதல் 250 மி.கி. வரை இரும்பு இருக்கிறது, நம் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இருக்கிறது. விழுங்கு செல்கள் பூச்சைச் சிதைத்து, இரும்பை உடம்பின் சேமிப்பில் சேர்த்துவிடும். உடம்பில் இரும்பு மிகையாகத் தேங்கும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்கும் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஏற்றிய பின் 24 முதல் 36 மணி நேரம் கழித்துப் படம். இந்தக் காத்திருப்பில் குறுக்குவழி கிடையாது. நான்கு மணி நேரத்தில் எடுத்தால் இரும்பு இன்னும் இரத்தக்குழாயில்தான் இருக்கும்; முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நல்ல முடிச்சும் வெளுத்துத் தெரிந்து, இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடும். அளவைக் குறைத்தாலும் இதே தவறு நேரும்.

படமெடுக்கும் அன்று குடல் அசைவை அடக்க, தடை ஏதும் இல்லாதவர்களுக்குப் புஸ்கோபான் 20 மி.கி. நரம்பில் போடுவது வழக்கம். குடல் நெளிந்தால் பக்கத்து 3 மி.மீ. முடிச்சு மங்கிப்போகும். எடுக்கும் படங்களில் இரண்டு இன்றியமையாதவை. ஒன்று, முடிச்சு எங்கே இருக்கிறது, அதன் கொழுப்பு எங்கே என்று காட்டும் டி1 வகைப் படம், முப்பரிமாணத்தில், ஒரு மி.மீ. அளவு நுணுக்கத்தோடு. இன்னொன்று இரும்பைக் காட்டும் டி2-ஸ்டார் வகை கிரேடியன்ட் எக்கோ படம். பின்னதில் எக்கோ நேரம், அதாவது தூண்டலுக்கும் சைகையைப் பிடிப்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான் உயிர்நாடி. 1.5 டெஸ்லா காந்தவலிமை உள்ள இயந்திரத்தில் 15 முதல் 20 மில்லி விநாடி வரை வைக்கலாம். 3 டெஸ்லாவில் அதைவிடக் குறைவாகவே போதும். மிகக் குறைத்தால் நல்ல முடிச்சு சரியாகக் கறுக்காது. மிகக் கூட்டினால் கறுப்பு தன் எல்லை தாண்டிப் பரந்து, உள்ளே இருக்கும் சிறு வெள்ளைப் புள்ளியை, அதாவது நாம் தேடிவந்த புற்றையே, விழுங்கிவிடும். மலக்குடலில் காற்று இருந்தால் அதன் ஓரத்திலும் இப்படி ஒரு போலிக் கறுப்பு பரவும். அதற்குப் பக்கத்தில் உள்ள முடிச்சுகளைப் பற்றி எதையும் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது.

படிப்பதில் உள்ள பொறிகளும் குறைவல்ல. முடிச்சின் நடுவிலோ ஓரத்திலோ இயல்பாகவே கொழுப்பு இருக்கும். அங்கே விழுங்கு செல்கள் இல்லை, ஆகவே இரும்பும் இல்லை, வெளுப்பாகத் தெரியும். புதிதாகப் படிப்பவர் அதைப் புற்று என்று எழுதிவிடுவார். டி1 படத்தில் அதே இடம் கொழுப்பைப் போலப் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும். அழற்சியால் பெருத்த முடிச்சில் லிம்ஃபோசைட் எனப்படும் வெள்ளணுத் திரள்கள் விழுங்கு செல்களை ஒதுக்கித் தள்ளியிருக்கும், அதுவும் வெளுக்கும். காசநோய் போன்ற குருணைத் திசு நோய்களும், பழைய தழும்பும் அப்படியே. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருபவர்கள் இதை முதல் கவலையாக வைத்துக்கொள்ள வேண்டும். வெளுத்த முடிச்சு என்ற ஒரே காரணத்துக்காகப் பயாப்சி இல்லாமல் சிகிச்சையை மாற்றக் கூடாது. எதிர்ப்பக்கத் தவறு, இருப்பதைத் தவறவிடுவது. 2 மி.மீ.க்கும் குறைந்த புற்றுத் துளியைச் சுற்றியுள்ள கறுப்பே மூடிவிடுகிறது. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் பரவலை இந்த முறையும் காணாது.

இவ்வளவு நல்ல மருந்து ஏன் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை? 2005-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, எல்லாவகைப் புற்றுகளுக்கும் பொதுவாக இதை அனுமதிக்க ஆதரவு தரவில்லை. புற்றுக்குப் புற்று முடிவுகள் சமமாக இல்லை என்பது தடை. 2007-இல் ஐரோப்பாவிலும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. புரோஸ்டேட் புற்றுக்கு மட்டும் கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பின்னர் நைமேகன் குழு இதை மீண்டும் தயாரிக்கச் செய்து, தங்கள் மருத்துவமனையில் பயன்படுத்தி, புதிய ஆய்வுகளைத் தொடங்கியது. அதற்குள் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன், அதாவது புரோஸ்டேட் புற்றணுவின் மேலுள்ள ஒரு புரதத்தில் ஒட்டும் கதிரியக்க மருந்தை வைத்து எடுக்கும் ஸ்கேன், வந்துவிட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. இந்தியப் பெருநகரங்களிலும் இன்று கிடைக்கிறது. அது உடம்பு முழுவதையும் ஒரே நாளில் பார்த்துவிடும். ஆனால் பெட் கருவியின் நுணுக்கம் 4 முதல் 5 மி.மீ. அளவில் நின்றுவிடுவதால், அதைவிடச் சிறிய முடிச்சுகளில் இரும்புத் துகள் முறைக்கு இன்னும் இடம் உண்டு. இரண்டையும் ஒப்பிட்ட நைமேகன் ஆய்வில் இரும்பு முறை கூடுதலாகவும் சிறியதாகவும் சந்தேக முடிச்சுகளைக் காட்டியது. அவை எல்லாம் புற்றுதான் என்று திசுச் சோதனையால் உறுதிப்படுத்தப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கல்லீரலின் கதையும் இதே தத்துவம்தான். அங்கே குப்ஃபர் செல்கள் எனப்படும் விழுங்கு செல்கள் ஏராளம். சற்றுப் பெரிய துகள்களை அவை நிமிடங்களில் வாரிக்கொள்ளும். கல்லீரல் கறுக்கும், குடலிலிருந்து பரவிவந்த புற்று வெளுப்பாக நிற்கும். 1996-இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற ஃபெரிடெக்ஸ் இப்படிப்பட்டது, கிலோவுக்கு 0.56 மி.கி. இரும்பு, அரை மணி நேரத்தில். ஏற்றும்போது சிலருக்குக் கடுமையான முதுகுவலி வரும், நிறுத்தினால் போய்விடும். கல்லீரலிலேயே தோன்றும் புற்று ஆரம்பநிலையில் குப்ஃபர் செல்களைத் தக்கவைத்திருக்கும் என்பதால் அதுவும் சேர்ந்து கறுத்து மறைந்துவிடுவது இதன் பெரிய குறை. கல்லீரல் செல்களுக்குள் புகும் கடோலினியம் மருந்து 20 நிமிடத்தில் அதே வேலையைச் செய்யத் தொடங்கியதும் ஃபெரிடெக்ஸ் சந்தையை விட்டு விலகியது.

இப்போது ஆபத்து. இரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற ஃபெரூமாக்ஸிடால் என்ற இரும்புத் துகள் மருந்து, எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்டாகவும் (படத்தில் வேறுபாட்டைக் கூட்டும் மருந்தாகவும்) அனுமதிக்கு வெளியே பல இடங்களில் பயன்படுகிறது. முதலில் இதை நீர்க்காமல் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே ஊசியாகப் போட்டார்கள். 2015-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கணக்கெடுத்தபோது கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி 79 பேருக்கு வந்திருந்தது. அவர்களில் 18 பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு விதி மாறியது. நீர்த்துத்தான் ஏற்ற வேண்டும், குறைந்தது 15 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும், முடிந்த பின் 30 நிமிடம் இரத்த அழுத்தத்தையும் நாடியையும் கவனிக்க வேண்டும், வேறு எந்த நரம்பு வழி இரும்பு மருந்துக்காவது ஒவ்வாமை இருந்தவருக்குப் போடவே கூடாது. அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இந்தப் பரிசோதனை நடக்கக் கூடாது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏற்றும் இரும்பு சுக்ரோஸும் சர்க்கரை போர்த்திய இரும்பு நானோ துகள்தான். ஆனால் அதிலுள்ள இரும்புச் சேர்மம் காந்தத்தன்மை குறைந்தது. படத்துக்கு அதைக் கொண்டு மாற்றுச் செய்ய முடியாது.

மார்பகப் புற்றில் நானோ துகள்கள் சத்தமில்லாமல் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் வந்து சேரும் காவல் முடிச்சைக் கண்டுபிடிக்க, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய ஆல்புமின் புரதத் துகள்களை (நானோ கொலாய்டு) மார்பில் போடுகிறார்கள். பெரும்பான்மைத் துகள்கள் 80 நானோமீட்டருக்குள் இருக்கும். துகள் மிகச் சிறிதானால் முதல் முடிச்சில் நிற்காமல் அடுத்ததற்கு ஓடிவிடும். மிகப் பெரிதானால் போட்ட இடத்திலேயே தங்கிவிடும். டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் ஊசிக்கும் அறுவைக்கும் இடையே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அணுமருத்துவத் துறை இல்லாத மருத்துவமனைகளுக்காக வந்தது காந்த முறை. 2018-இல் அமெரிக்க அனுமதி பெற்ற மேக்ட்ரேஸ் இரும்பு ஆக்சைடைப் போட்டு, கையில் பிடிக்கும் காந்த உணர்கருவியால் முடிச்சைத் தேடுவார்கள். அறுவைக் களத்தில் எஃகுக் கருவிகள் பக்கத்தில் இருந்தால் உணர்கருவி பொய் சொல்லும். பிளாஸ்டிக் இழுப்பான்கள் வேண்டும். தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம். அந்த மார்பகத்தில் பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பு ஓட்டை விழலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பதற மாட்டார்.

இனி, புற்றை நேராகத் தேடிப்போகும் துகள்கள். துகளின் மேல் ஆன்டிபாடியை, அதாவது புற்றணுவை அடையாளம் கண்டு பற்றும் புரதத்தை, ஒட்டினால் அது ஏவுகணை போலப் போய்ப் புற்றில் ஒட்டிக்கொள்ளும் என்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரத்தத்தில் நடப்பது வேறு. உள்ளே போன நிமிடமே இரத்தப் புரதங்கள் துகளின் மேல் அடையாகப் படிந்து ஆன்டிபாடியை மூடிவிடுகின்றன. கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கை இழுத்துக்கொள்கின்றன. டொராண்டோவின் வாரன் சான் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் சொன்ன கணக்குப்படி, ஏற்றிய துகள்களில் கட்டியை அடைவது நடுமதிப்பில் 0.7 சதவீதம். அதுவும் எலியில், நன்கு வளர்ந்த கட்டியில். புதிதாக முளைத்த சில மில்லி மீட்டர்க் கட்டியில் போதிய இரத்தக்குழாய்கூட இருக்காது. ஆரம்பநிலைப் புற்றுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்று பாருங்கள்: எதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க விரும்புகிறோமோ, அதற்குத்தான் துகள் போய்ச் சேருவது மிகக் கடினம்.

இதற்கு ஒரு நல்ல விடை, துகளை மிகச் சிறிதாக்கி, ஒட்டாதது சிறுநீரில் வெளியேறும்படி செய்வது. புரதங்கள் ஒட்டிக்கொள்ளாத பூச்சு இருந்து, மொத்த அளவு 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரகம் வேகமாக வடித்துவிடும் என்று குவாண்டம் புள்ளிகள் எனப்படும் ஒளிரும் நானோ படிகங்களைக் கொண்டு 2007-இல் காட்டினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் வீஸ்னர் உருவாக்கிய, 6-7 நானோமீட்டர் சிலிக்கா துகள்கள் இந்த வழியில் வந்தவை. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் மிஷெல் பிராட்பரி குழு அவற்றோடு பெட் ஸ்கேனில் தெரியும் கதிரியக்க அயோடின்-124, ஒளிரும் சாயம், புற்றின் இரத்தக்குழாய்களில் ஒட்டும் சிறு பெப்டைடு (குட்டிப் புரதம்) மூன்றையும் இணைத்துப் பரவிய மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) உள்ள ஐந்து பேருக்கு ஏற்றியது. முடிவு 2014-இல் வெளிவந்தது. துகள் உடையாமல் சிறுநீரில் வெளியேறியது, நச்சுத்தன்மை தென்படவில்லை. மனிதரில் பாதுகாப்பைக் காட்டிய முதல்படி என்ற அளவில் அதை மதிக்கலாம். ஐந்து பேரை வைத்து ஆரம்பநிலைக் கண்டுபிடிப்பு பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது. காட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகளை ஆய்வக எலிகளோடு நிறுத்திக்கொள்வதே சரி.

மாணவர்கள் இரும்புத் துகளைத் தயாரிப்பது பற்றியும் கேட்பதுண்டு. கூட்டுப்படிவு முறையே எளியது. ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 2.70 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 0.99 கிராம், அதாவது மோல் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. நைட்ரஜன் செலுத்திக் காற்று நீக்கிய நீரில், இரும்பின் எடையைப்போலப் பல மடங்கு டெக்ஸ்ட்ரானோடு கரைத்து, குளிர்ந்த நிலையில் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 10-க்குக் கொண்டுவந்து, பிறகு 75-80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் கறுப்புக் கரைசல் கிடைக்கும். பழுப்பாக வந்தால் காற்று புகுந்து இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது என்று பொருள். அமோனியாவை அவசரமாகக் கொட்டினால் அளவு சிதறும். கட்டற்ற டெக்ஸ்ட்ரானை வடிகட்டி நீக்காவிட்டால் ஒவ்வாமை ஆபத்து கூடும்.

அளவைப் பார்ப்பதில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. ஒளிச்சிதறல் கருவியில் சிதறும் ஒளி, துகள் விட்டத்தின் ஆறாம் படியாகக் கூடும். பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு துகள் திரள், பத்து லட்சம் சிறு துகள்களின் ஒளியைத் தரும். ஆகவே கருவி காட்டும் சராசரியை நம்பி எலக்ட்ரான் நுண்ணோக்கியை விட்டுவிடாதீர்கள். நீரில் அழகாக இருக்கும் துகள் சலைனில் திரளலாம். சலைனில் நிற்பது சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) திரளலாம். 37 டிகிரியில் சீரத்தோடு கலந்து ஒரு நாள் வைத்து மீண்டும் அளந்த பிறகே எலியிடம் போக வேண்டும். எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நச்சு) சோதனையில் துகளின் நிறமே அளவீட்டைக் குலைக்கும். தெரிந்த அளவு எண்டோடாக்ஸினைக் கலந்து அது முழுதாக அளவீட்டில் திரும்ப வருகிறதா என்று பார்க்காத முடிவுக்கு மதிப்பில்லை.

எல்லோருக்கும் ஆண்டுக்கொருமுறை நானோ ஸ்கேன் எடுத்தால் என்ன என்ற கேள்வி இயல்பானது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு மறைந்த புற்று இருக்கிறது, பரிசோதனை நோயுள்ளவரில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நோயற்றவரில் 95 சதவீதத்தைச் சரியாக விடுகிறது என்று கொள்வோம். உண்மையில் நோயுள்ள நான்கைந்து பேர் பிடிபடுவார்கள். கூடவே நோயில்லாத 995 பேரில் ஏறக்குறைய 50 பேரும் பிடிபடுவார்கள். அவர்கள் எல்லோருக்கும் பயாப்சி, அச்சம், செலவு. நோய் உறுதியானவர்களிடம், அதிலும் பரவல் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடம் இதே பரிசோதனை ஏன் பயன்தருகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அங்கே ஆயிரத்துக்கு ஐந்து என்பது நூற்றுக்கணக்காக மாறிவிடுகிறது.

யாராவது உங்களுக்கு இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைத்தால் கேட்க வேண்டியவை சில. எந்தத் துகள், எந்த நாட்டில் எதற்காக அனுமதி பெற்றது? இது வழக்கமான சிகிச்சையா, ஆய்வா? ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், உங்களுக்குப் புரியும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் இருக்க வேண்டும். அதற்காக உங்களிடம் பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் உங்கள் சிகிச்சை அதனால் மாறுமா? மாறாது என்றால் எடுப்பதில் பொருளில்லை. இன்னொன்று, ஃபெரூமாக்ஸிடால் ஏற்றியவருக்கு மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படங்கள் மாறித் தெரியலாம். வேறு மருத்துவமனையில், வேறு காரணத்துக்காக, தலைக்கோ வயிற்றுக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், மருந்தின் பெயரையும் ஏற்றிய தேதியையும் எழுதிக் கொண்டுபோய்ப் படமெடுப்பவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.